முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு எப்போது உதவலாம்? வீட்டில் கோழி அடைவைப்போருக்கான விளக்கம்

செப்டெம்பர் பிறந்து பகற்பொழுது நீளத் தொடங்கியதும் மேற்குச் சிட்னியின் வீட்டுக் கொல்லைகளில் கோழிகள் அடைக்குக் கிடக்கத் தொடங்கும். அடைக்கோழி இல்லாத வீடுகளில், இன்குபேட்டர் எனப்படும் மின்சார அடைகாப்புக் கருவி சமையலறை மேசையின் ஓரத்திலோ சலவை அறையிலோ இடம்பிடிக்கும். இருபது நாட்கள் அமைதியாகக் கழியும். இருபத்தோராம் நாளில் வீட்டிலுள்ள அனைவரும் அக்கருவியைச் சூழ்ந்து நிற்பர். ஒரு முட்டையில் சிறு விரிசல் தோன்றும். உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கும். அதன்பின் மணிக்கணக்காக ஒன்றுமே நிகழாது. அப்போது எழும் வினா ஒன்றுதான்: ஓட்டை உடைத்துக் குஞ்சை வெளியே எடுத்துவிடலாமா?

இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. பெரும்பாலான வேளைகளில் காத்திருப்பதே சரி. சில வேளைகளில் காத்திருப்பதே குஞ்சின் உயிருக்கு உலையாகும். இவ்விரண்டையும் பிரித்தறிய, ஓட்டினுள் நிகழ்வது என்ன என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் நாட்கணக்கு. கோழிமுட்டை பொரிப்பதற்கு 21 நாட்கள் ஆகும். முட்டையை வைத்த நாளையே முதலாம் நாளாக எண்ணுவது பரவலான தவறாகும். வைத்த நேரத்திலிருந்து 24 மணித்தியாலங்கள் நிறைவுற்ற பின்னரே ஒரு நாள் கணக்கில் சேரும். எளிதாகச் சொல்வதாயின், சனிக்கிழமை மாலை வைத்த முட்டை மூன்று வாரங்கள் கழித்து வரும் சனிக்கிழமை மாலையளவில் பொரிக்கும். கருவியின் வெப்பம் சற்றுக் குறைந்திருந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ பிந்தும், கூடியிருந்தால் முந்தும். சிறிய இனக் கோழிகளின் முட்டைகள் இருபதாம் நாளிலேயே பொரிப்பதும் உண்டு. வாத்து முட்டைக்கு 28 நாட்களும், மஸ்கோவி வாத்துக்கு ஏறத்தாழ 35 நாட்களும், காடைக்கு 17 அல்லது 18 நாட்களும் தேவை. நாட்கணக்கில் ஒரு நாள் பிசகியதால் "பிந்திவிட்டது" என்று எண்ணி உடைக்கப்பட்ட முட்டைக்குள் நலமான, ஆனால் இன்னும் முற்றாத குஞ்சு இருந்திருக்கும். இத்தவறுக்குத் திருத்தம் இல்லை.

ஓட்டினுள் கரு வளரும் காலம் முழுவதும் அது நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியே காற்று உட்புகும். ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் படர்ந்திருக்கும் இரத்தநாளங்கள் நிறைந்த சவ்வு அதனை ஏற்றுக் கருவுக்கு அளிக்கும். முட்டையின் மொத்தையான முனையில் காற்றறை ஒன்று உண்டு. நாட்கள் செல்லச் செல்ல முட்டையிலிருந்து நீர் ஆவியாகி வெளியேற, அவ்வறை பெரிதாகும். பதினெட்டு நாட்களில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை இவ்வாறு இழக்க வேண்டும். 60 கிராம் முட்டைக்கு இது 7 கிராம் அளவாகும்.

பத்தொன்பதாம், இருபதாம் நாட்களில் குஞ்சு தன் அலகால் உட்சவ்வைத் துளைத்துக் காற்றறைக்குள் தலையை நுழைக்கிறது. அதன் முதல் மூச்சு அங்கேதான் தொடங்குகிறது. கீச்சொலி கேட்பதும் அப்போதுதான். வெளியோட்டில் இன்னும் விரிசல் எதுவும் இராது. காற்றறையிலுள்ள உயிர்வாயு குறைந்து கரியமிலவாயு கூடக்கூட, கழுத்தின் பின்புறத்திலுள்ள தடித்த தசை துடிக்கத் தொடங்கும். அலகின் நுனியில் இதற்கென்றே அமைந்த சிறு கூர்முனை ஓட்டைக் கொத்தி வெளிவிரிசலை உண்டாக்கும். உள்ளே மூச்சு தொடங்கியதிலிருந்து வெளியே விரிசல் தோன்றுவதற்கு அரை நாள் முதல் ஒரு நாள் வரை செல்லக்கூடும்.

விரிசலுக்குப் பின்வரும் அமைதியே பார்ப்பவரைப் பெரிதும் கலங்கச் செய்வது. அது சோர்வின் அடையாளம் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அந்நேரத்தில் இரண்டு முக்கியப் பணிகள் நடைபெறுகின்றன. சவ்வின் நாளங்களில் ஓடிய இரத்தம் குஞ்சின் உடலுக்குள் திரும்புகிறது. எஞ்சிய மஞ்சட்கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் முழுமையாக இழுக்கப்படுகிறது. இவை முடியுமுன் ஓட்டை உரித்தால் நாளங்கள் அறுந்து இரத்தம் பெருகும். மஞ்சட்கருப் பை வெளியே தொங்கியபடி குஞ்சு வெளிவரும். அவ்வாறு வெளிவந்த குஞ்சு பெரும்பாலும் பிழைப்பதில்லை. விரிசலிலிருந்து அடுத்த கட்டம் வரை 12 முதல் 24 மணித்தியாலங்கள் செல்வது இயல்பே. அதன்பின் குஞ்சு முட்டைக்குள் மெல்லச் சுழன்று, மொத்தை முனையைச் சுற்றி வட்டமாக ஓட்டை வெட்டிக்கொண்டு வரும். இந்த வெட்டு தொடங்கியபின் வேலை விரைவாக நடக்கும். அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துள் பெரும்பாலான குஞ்சுகள் மூடியைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிடும்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். பத்து முட்டைகள் வைக்கப்பட்டன. வெள்ளி இரவு கீச்சொலி கேட்டது. சனி காலை ஏழு மணிக்கு மூன்று முட்டைகளில் விரிசல் தோன்றியது. சனி மாலைக்குள் இரண்டு குஞ்சுகள் வெளிவந்து தடுமாறி நடந்தன. மூன்றாவது முட்டையில் காலையில் கண்ட விரிசல் அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் உறங்கச் செல்ல மறுக்கின்றனர். வவுனியாவிலுள்ள அம்மம்மாவுக்கு அழைப்பு எடுத்தால், "தாய்க்கோழி உடைச்சா விடுகுது? பேசாமல் விடுங்கோ" என்கிறார். இரவு பத்து மணிக்கு என்ன செய்வது?

பதினைந்து மணித்தியாலங்களே கழிந்துள்ளன. அம்மம்மா கூறியதே சரி. கருவியின் மூடியைத் திறவாமல் உறங்கச் செல்லலாம். மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் ஈரப்பதம் நொடிகளில் வெளியேறிவிடும். விரிசல் கண்ட மற்றைய முட்டைகளின் சவ்வு அதனால் உலர்ந்து குஞ்சை இறுகப் பற்றிக்கொள்ளும். உதவும் எண்ணத்துடன் அடிக்கடி மூடியைத் திறப்பவரே உதவி தேவைப்படும் குஞ்சுகளை உருவாக்குகிறார் என்று சொன்னால் மிகையாகாது. வெளிவந்த குஞ்சுகளை உடனே எடுக்கவேண்டிய தேவையும் இல்லை. வயிற்றிலுள்ள மஞ்சட்கரு இரண்டு நாட்களுக்குக் குறையாமல் அவற்றுக்கு உணவாகும்.

ஞாயிறு காலை ஏழு மணி ஆயிற்று. இருபத்து நான்கு மணித்தியாலங்கள் நிறைந்துவிட்டன. இப்போது பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, விரிசலினூடே தெரியும் சவ்வை. அது வெண்மையாக, ஈரமாக, கிழியக்கூடியதாக இருந்து, குஞ்சின் குரலும் வலுவாக இருந்தால் மேலும் சில மணித்தியாலங்கள் பொறுக்கலாம். சவ்வு பழுப்பு நிறமாக மாறித் தோல்போல் தடித்திருந்தாலோ, காகிதம்போல் உலர்ந்து குஞ்சின் இறகோடு ஒட்டியிருந்தாலோ, அக்குஞ்சு தானாக வெளிவர இயலாது. அது பலவீனமான குஞ்சு என்று கொள்ளத் தேவையில்லை. ஈரப்பதக் குறைவால் சிறைப்பட்ட நலமான குஞ்சாக இருக்கலாம். இத்தகைய குஞ்சுக்கு உதவுவது நியாயமானது.

வேறு சில நிலைகளும் உண்டு. வட்டவெட்டைத் தொடங்கி முக்கால் பங்கு முடித்தபின் பல மணி நேரம் அசைவற்று நிற்பது ஒன்று. அந்நிலையில் இரத்தமும் மஞ்சட்கருவும் பெரும்பாலும் உட்சென்றிருக்குமாதலால் உதவியின் அபாயம் குறைவு. விரிசல் முட்டையின் கூர்முனையில் தோன்றுவது மற்றொன்று. தலை தவறான திசையில் இருக்கும் இக்குஞ்சுக்குச் சுழல இடம் இராது. இவற்றுள் சில தாமாகவே வெளிவந்துவிடும், பல வெளிவருவதில்லை. எனவே கூடுதல் கண்காணிப்புத் தேவை. உள்ளே கீச்சொலி கேட்டு முழுமையாக ஒரு நாள் கடந்தும் வெளிவிரிசல் தோன்றாதிருந்து, குரலும் தேய்ந்துகொண்டே வருமாயின், காற்றறையிலுள்ள காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். கைவிளக்கை மொத்தை முனையில் வைத்துப் பார்த்தால் காற்றறையின் எல்லையும், அதனுள் அசையும் அலகின் நிழலும் தெரியும். அலகு தெரிந்தால் மட்டும், காற்றறையின் உச்சியில் குண்டூசித் தலையளவு துளை ஒன்றைத் தூய ஊசிமுனையால் மெல்லச் சுழற்றி இடலாம். காற்றுக்கு வழி கிடைத்துவிட்டது. மற்றதைக் குஞ்சே செய்யட்டும் என்று மீண்டும் கருவிக்குள் வைக்க வேண்டும்.

முட்டைகளை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, ஆடும் முட்டையில் உயிர் உண்டு என்று காணும் பழைய முறை ஊரில் இருந்தது. விரிசலோ துளையோ உள்ள முட்டையை ஒருபோதும் அவ்வாறு சோதிக்கலாகாது. நீர் உட்சென்று குஞ்சு மூழ்கிவிடும். இடியோசைக்கு முட்டை கூழாகிவிடும் என்று அடைக்கூட்டில் இரும்புத்துண்டு வைக்கும் வழக்கத்தை இங்கும் தொடர்பவர் உளர். அதனால் தீங்கு எதுவும் இல்லை.

உதவுவதென்று முடிவு செய்தபின் அவசரம் கூடாது. கைகளைச் சவர்க்காரத்தால் கழுவிக்கொள்ள வேண்டும். அறையின் கதவுகளை மூடிக் காற்றோட்டத்தைத் தவிர்த்து, வெதுவெதுப்பான நீர், தூய பஞ்சு, சிறு இடுக்கி, சிறிது தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை அருகில் வைத்துக்கொண்ட பின்னரே கருவியைத் திறக்க வேண்டும். விரிசலைச் சுற்றியுள்ள ஓட்டை மட்டும் மிளகளவு துண்டுகளாக இடுக்கியால் அகற்ற வேண்டும். வெளியோட்டுக்கும் உட்சவ்வுக்கும் வேறுபாடு உண்டு. ஓட்டை அகற்றும்போது உட்சவ்வைக் கிழித்துவிடலாகாது. வெளிப்பட்ட சவ்வை ஈரப்பஞ்சால் ஒற்றினால் அது கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளிருக்கும் நாளங்கள் தென்படும். குஞ்சின் மூக்குத் துளைகளில் நீரோ எண்ணெயோ படாதவாறு காப்பது இங்கே முதன்மையானது.

சிவந்த நாளங்கள் தடித்து ஓடுவது தெரிந்தால் அக்கணமே நிறுத்திவிட வேண்டும். குஞ்சு ஆயத்தமாகவில்லை என்பதே அதன் பொருள். சவ்வின்மேல் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, முட்டையைக் கருவிக்குள் வைத்து, நான்கு அல்லது ஐந்து மணித்தியாலங்கள் கழித்து மீண்டும் பார்க்கலாம். ஒரு துளி இரத்தம் கசிந்துவிட்டால் தூய பஞ்சால் மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். சிறிது சோளமாவு வைத்து அழுத்துவதும் பயன்தரும். நாளங்கள் வெளிறி மறைந்திருந்தால் மட்டுமே, மொத்தை முனையைச் சுற்றிக் குஞ்சு செய்திருக்கவேண்டிய வட்டவெட்டைச் சிறிது சிறிதாகச் செய்து, மூடிபோன்ற பகுதியை அகற்றலாம். தலை வெளிப்பட்டு மூச்சு சீரானவுடன் மனிதரின் பணி முடிந்தது. குஞ்சின் கீழ்ப்பகுதி அரை ஓட்டுக்குள் இருக்கும்போதே கருவிக்குள் வைத்துவிட வேண்டும். கடைசியாக உதைத்து வெளியேறுவது குஞ்சின் வேலை. தொப்புளில் மஞ்சட்கரு இன்னும் எஞ்சியிருந்தாலும் அந்த அரை ஓடு அதற்குக் காப்பாகும். காலையோ இறக்கையையோ பற்றி இழுத்தல் எந்நிலையிலும் கூடாது.

இதனை ஒரே அமர்வில் முடிக்க முயல்வோரே பெரும்பாலும் குஞ்சை இழக்கின்றனர். ஒரு குஞ்சுக்கு உதவுதல் அரை நாள் வேலை. சிலவேளை ஒரு முழு நாள் வேலை.

அடைக்கோழியின் கீழ் வைத்த முட்டைகளுக்கு இவ்விளக்கத்தின் பெரும்பகுதி தேவைப்படாது. வெப்பத்தையும் ஈரத்தையும் தாய்க்கோழி தானே காத்துக்கொள்ளும். மனிதர் அடிக்கடி எட்டிப் பார்ப்பதே அதற்கு இடையூறு. ஆயினும் முதற்குஞ்சுகள் பொரித்து ஓரிரு நாட்களில், அவற்றை அழைத்துக்கொண்டு தாய் கூட்டைவிட்டு எழுந்துவிடும். கைவிடப்பட்ட முட்டையில் விரிசலும் குரலும் இருந்தால், அதனை ஏற்கெனவே சூடாக்கிய கருவிக்குள் மாற்றலாம்.

உதவி தேவைப்படாமல் செய்வதே சிறந்த உதவி. விசிறியுள்ள கருவியில் வெப்பம் 37.5 பாகை செல்சியஸாக இருக்க வேண்டும். மலிவான கருவிகளின் காட்டி ஒரு பாகைவரை பிழைபடக்கூடும் என்பதால் தனியாக ஒரு வெப்பமானியையும் உள்ளே வைப்பது நன்று. முதல் 18 நாட்கள் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 50 வரையும், இறுதி மூன்று நாட்கள் 65 முதல் 70 வரையும் இருத்தல் வேண்டும். பதினெட்டாம் நாளில் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, நீர்த்தொட்டியை நிரப்பி, மூடியை அடைத்துவிட வேண்டும். மேற்குச் சிட்னியில் உலர்ந்த மேல்காற்று வீசும் நாட்களிலும், வீட்டில் ஹீட்டரோ குளிரூட்டியோ இயங்கும்போதும் காற்று வறண்டுவிடும். நீர்த்தொட்டியுடன் ஈரமான பஞ்சுத்துண்டு ஒன்றையும் சேர்த்து வைத்தால் பயன் உண்டு.

வெளிவராத குஞ்சில் பிறவிக்குறை இருக்கலாம் என்பதால் எவ்வுதவியும் செய்யலாகாது எனப் பல வளர்ப்பாளர் கருதுவர். பரம்பரையைத் தெரிந்தெடுத்துப் பெருக்குவோருக்கு அது பொருந்தும் நியாயமே. கருவியின் ஈரப்பதத்தைத் தவறவிட்ட வீட்டுக்கு அது பொருந்தாது. அங்கே குறை குஞ்சினுடையதன்று. ஆயினும் உதவிபெற்று வெளிவந்த எல்லாக் குஞ்சுகளும் பிழைத்துவிடா என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தல் நல்லது. கால்கள் பக்கவாட்டில் விரிந்து நிற்க இயலாத குஞ்சுக்கு, மெல்லிய ஒட்டுநாடாவால் இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் இணைத்துச் சில நாட்கள் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மஞ்சட்கரு வெளியே தொங்கும் நிலையிலோ, ஒரு நாள் கடந்தும் தலை தூக்க இயலாத நிலையிலோ உள்ள குஞ்சை மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். துன்பமின்றி அதன் உயிரை முடிப்பதே தக்கது என்று அவர் கூறக்கூடும். நியூ சவுத் வேல்ஸின் 1979-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பறவைகளையும் உள்ளடக்கியது. தேவைப்படும்போது மிருக வைத்திய உதவியை அளிப்பது வளர்ப்பவரின் கடமை.

பொரித்த குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல்களாக இருக்கும் என்பதை முட்டை வைக்கும் நாளிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கைந்து மாதங்களில், சிலவேளை அதற்கும் முன்னரே, அவை கூவத் தொடங்கும். ஊரில் விடியலின் அடையாளமாக இருந்த ஓசை, வேலிக்கு அப்பால் இரவுப் பணி முடித்து உறங்கும் அயலவருக்குத் தொல்லையாகும். 1993-ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 124-ஆம் பிரிவின் கீழ், ஒரு வளவில் எவ்வகைப் பறவைகளை, எத்தனை, எவ்வாறு வளர்க்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் ஆணையை நகரசபை பிறப்பிக்க இயலும். பலர் சேவலை இரவோடிரவாகப் பற்றைக்காட்டில் விட்டுவிடுகின்றனர். மேற்கூறிய 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி விலங்கைக் கைவிடுதல் குற்றமாகும். சேவல்களை ஏற்கக்கூடிய கிராமப்புற நிலமுடையவரை முட்டை வைக்குமுன்னரே கண்டு பேசிவைப்பது வளர்ப்பவருக்கும் குஞ்சுக்கும் நன்று.

கூட்டின் அமைவிடம் குறித்து 2021-ஆம் ஆண்டின் உள்ளூராட்சி (பொது) ஒழுங்குவிதி பொருந்தும். கோழிகளையும் கினிக்கோழிகளையும் குடியிருப்பு, பாடசாலை, பொதுமண்டபம், உணவு தயாரிக்குமிடம் ஆகியவற்றிலிருந்து 4.5 மீட்டருக்குள் வளர்க்கலாகாது. வாத்து, வான்கோழி முதலிய ஏனையவற்றுக்கு இத்தூரம் 30 மீட்டர். சாதாரண புறநகர்க் காணியில் இதனைப் பின்பற்றுவது பெரும்பாலும் இயலாத காரியம். எனவே வாத்து முட்டைகளை வாங்குமுன் காணியை அளந்து பார்க்கவும்.

குஞ்சுகளைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். பார்வைக்குத் தூய்மையாகத் தோன்றும் குஞ்சிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குஞ்சை முகத்தோடு அணைப்பதையும் முத்தமிடுவதையும் தவிர்க்கச் செய்யவும். இருபத்து மூன்றாம் நாள் கடந்தும் அசைவோ ஒலியோ அற்ற முட்டைகளைக் கைவிளக்கால் இறுதியாக ஒருமுறை சோதித்தபின், இரண்டு பைகளில் இட்டு இறுகக் கட்டிச் சிவப்பு மூடியுள்ள தொட்டியில் சேர்க்கலாம். கோழிகள் காரணமின்றிக் கூட்டமாக இறந்தால் அவற்றைத் தொடாமல், அவசர விலங்குநோய்த் தொலைபேசி இலக்கமான 1800 675 888-க்கு உடனே அறிவிக்க வேண்டும். இவ்விலக்கம் இரவும் பகலும் இயங்கும்.

கூடு, சேவல், அயலவர் முறைப்பாடு ஆகியவை குறித்துத் தமிழில் பேச விரும்புவோர் 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, "தமிழ்" என்று கூறி, நகரசபையுடன் இணைக்குமாறு கேட்கலாம்.